மாமியாரின் நேர்ச்சையும் மகனின் கேள்வியும்

மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 61 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

"என் மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலும் வலிப்பும் வந்து, பிழைப்பானா என்றாகிவிட்டது. என் மாமியார் மஞ்சள் துணியில் நாலணா முடிந்து, பிள்ளை பிழைத்தால் அவனுக்கும், அவன் பெறும் பிள்ளைகளுக்கும் முதல் மொட்டை குலதெய்வத்துக்கு, இரண்டாம் மொட்டை நாகூர் ஆண்டவருக்கு என்று நேர்ந்துகொண்டார். மகனுக்கு அப்படியே செய்தோம். இப்போது பேரனுக்குக் குலதெய்வத்துக்கு மொட்டை போட்டாகிவிட்டது. நாகூர் என்றதும், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் முடியாது என்கிறான். 'நாம் இந்துக்கள். கோயிலை இடித்தவர்கள் இடத்துக்கு நாம் ஏன் போக வேண்டும்? நாம் போகிறோம், அவர்கள் நம் கோயிலுக்கு வருகிறார்களா?' என்று கேட்கிறான். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அழுதேன். அவர் முஸ்லிம், எங்களோடு பலமுறை நாகூருக்கு வந்தவர். 'என் மகனும் தர்காவுக்குப் போகாதே, அது இணைவைத்தல், இறைவனுக்கு நிகராக இன்னொருவரை வைக்கும் பாவம் என்கிறான்' என்று அவரும் கண்கலங்கினார். இத்தனை காலம் நாங்கள் செய்தது தவறா? நாங்கள் அரைகுறை இந்துக்களா? நேர்ச்சையை விட்டால் பேரனுக்கு ஏதாவது ஆகுமா? நீங்கள் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்."

அன்புள்ள அம்மா,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; அந்த அச்சம் இருக்கும்வரை மற்ற எதையும் உங்களால் நிதானமாகப் படிக்க முடியாது. தெய்வக் குற்றம் எது என்று சொல்வது என் தொழில் அல்ல. ஆனால் கோயில்களிலும் தர்காக்களிலும் மாதா கோயில்களிலும் நேர்ச்சை செலுத்த வந்தவர்களிடம் பல ஆண்டுகள் பேசியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். நேர்ச்சைக்கு வட்டிக்கடன் போலத் தவணைத் தேதி கிடையாது. மஞ்சள் துணியில் முடிந்த காசு பத்து வருடம், இருபது வருடம் சாமி படத்தடியில் காத்திருப்பதும், நேர்ந்தவர் காலமான பிறகு மருமகளோ மகளோ தன்னால் இயன்ற வகையில் அதைக் கழிப்பதும் நம் பக்கத்தில் புதிதல்ல. தாமதத்துக்காகத் தெய்வம் பச்சைப்பிள்ளையைத் தண்டிக்கும் என்று அவர்களில் எவரும் என்னிடம் சொன்னதில்லை. ஆகவே பேரனைப் பற்றிய பயத்தை இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பயத்தைக் காட்டி மகனிடம் பேசவும் வேண்டாம்; அது அவரை இன்னும் பிடிவாதமாக்கும்.

அடுத்து, உங்கள் மாமியார் செய்தது விசித்திரமான காரியமா என்று பார்ப்போம். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சூஃபி ஞானி. வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் முகம்மது கவுஸ் என்ற குருவிடம் பயின்று, பல தேசங்கள் சுற்றிக் கடைசியில் இந்தக் கடற்கரையில் தங்கினார் என்பது மரபு. தஞ்சை நாயக்க மன்னர் ஒருவரின் தீராத நோய்க்குக் காரணமான சூனியத்தை, ஒரு புறாவின் உடலில் குத்தியிருந்த ஊசிகளை எடுத்து அவர் நீக்கினார் என்ற கதையை உங்கள் மாமியாரும் சொல்லியிருப்பார். தர்காவின் ஐந்து மினாராக்களில் எல்லாவற்றையும்விட உயரமான, 131 அடி கொண்ட பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர்; 1739 முதல் 1763 வரை ஆண்டவர். பிள்ளை வேண்டி நேர்ந்துகொண்டு, பிள்ளை பிறந்ததும் கட்டினார் என்றுதான் அங்கே சொல்கிறார்கள். அவருக்குப் பின் வந்த மகன் துளஜாவும் தர்காவுக்குக் கிராமங்களை மானியமாக விட்டார். ஆக, பிள்ளைக்காக நாகூரில் நேர்ந்துகொண்டவர்களின் வரிசையில் உங்கள் மாமியாருக்கு முன்னால் ஓர் அரசரே நிற்கிறார். அந்த அரசர் தம்மை முஸ்லிமாகவோ, பாதி முஸ்லிமாகவோ கருதியதில்லை. ஒரு மினாராவைக் கட்டியதால் தஞ்சைக் கோயில்களில் அவருக்கிருந்த மரியாதை குறைந்ததுமில்லை.

நாகூர் வாசலில் தகடு விற்கும் கடைகளைக் கவனித்திருப்பீர்கள். கை, கால், கண், தொட்டில், வீடு, படகு என்று மெல்லிய தகட்டில் வெட்டி வைத்திருப்பார்கள். அங்கிருந்து சில மைல் தெற்கே வேளாங்கண்ணியில் மெழுகுவத்தியோடு அதே தொட்டிலும் அதே வீடும் விற்கும். வடக்கே வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனால் அதே கண்ணையும் காலையும் வாங்கி உண்டியலில் போடலாம். நேர்ந்துகொள்பவரின் கை பழகிய மொழி அது. தெய்வத்தின் பெயர் மாறினாலும் அந்த மொழி மாறுவதில்லை. மொட்டையும் சந்தனமும் அப்படித்தான். ஒருமுறை தர்கா வளாகத்தில் மொட்டை அடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு தகப்பனார் மடியில் திமிறிய குழந்தையை நாவிதர் "அழாதடா ராஜா, ஆண்டவரு பார்க்கிறாரு" என்று சமாதானப்படுத்தினார். எந்த ஆண்டவர் என்று அங்கிருந்த யாரும் கேட்கவில்லை. சிவனையும் இயேசுவையும் பழனி முருகனையும் நாகூராரையும் தமிழில் அந்த ஒரே சொல்லால்தான் அழைத்துவருகிறோம்.

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று கூறிவிடுகிறேன். ஆசிரியர் தொழிலின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். சமண முனிவர்கள் தங்கிய குகைக்குப் பள்ளி என்று பெயர். பௌத்தர்களின் விகாரமும் பள்ளியே. பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளிக்கூடம் ஆயிற்று. முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல் ஆயிற்று. தொழுகை, நோன்பு இரண்டும் இஸ்லாம் வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொற்கள். வணிகத்தோடு இந்தக் கரைக்கு வந்த ஒரு சமயம் இங்கே குடியேறித் தமிழில் வாழத் தொடங்கியபோது, முன்னால் இருந்தவர்களின் சொற்களையே எடுத்துக்கொண்டது.

நாகூரை ஒட்டிய நாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு, முதலாம் இராஜராஜன் 1006ஆம் ஆண்டையொட்டி ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடு என்ற பெயரில் இன்று பலரும் அறிந்திருப்பது அந்தக் கொடையின் ஆவணமே. தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிக்கொண்டிருந்த, சிவபாதசேகரன் என்று பட்டம் பூண்ட அதே இராஜராஜன்தான் புத்தருக்கு ஊர் கொடுத்தான். அடுத்து, அவன் மகன் இராஜேந்திரன் 1025இல் கப்பற்படை அனுப்பி அதே ஸ்ரீவிஜயத்தைத் தாக்கினான். கொடைக்கும் போருக்கும் அரசியலிலும் கடல் வாணிகத்திலும்தான் காரணம் இருந்தது. கொடுத்ததை வைத்து அவன் பௌத்தன் என்றோ, தாக்கியதை வைத்து மகன் பௌத்தப் பகைவன் என்றோ சொல்ல முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அந்தக் காலத்தில் எல்லாரும் அண்ணன் தம்பியாக இருந்தார்கள்" என்று மகனிடம் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையன்று. அவர் படித்தவர், ஒரு நிமிடத்தில் மறுத்துவிடுவார், பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளையும் நம்பமாட்டார். டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் 1311இல் மதுரைவரை வந்து கொள்ளையடித்ததும், 1323இல் ஸ்ரீரங்கம் தாக்கப்பட்டு, அங்குள்ள உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு பக்தர்கள் ஊர் ஊராக ஓடியதும், 1371இல்தான் அவர் திரும்பி வந்ததும் நடந்தவை. அவற்றை மறைத்துப் பேசுவது சமய நல்லிணக்கம் ஆகாது. வேண்டாதவர்கள் மட்டும் அவற்றைச் சொல்லும் நிலையை அது உண்டாக்கிவிடும் என்பதே என் நெடுநாள் வருத்தம்.

ஆனால் அந்தப் பட்டியலை அங்கே நிறுத்தவும் கூடாது. ஞானசம்பந்தரின் பதிகங்களில் பெரும்பாலும் பத்தாம் பாட்டு சமணரையும் சாக்கியர் எனப்படும் பௌத்தரையும் சாடுவதற்கென்றே அமைந்திருக்கிறது. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் பாடுகிறது. அது அப்படியே நடந்ததற்குச் சமகாலச் சான்று இல்லை என்றாலும், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரு மனநிலை இருந்தது என்பதற்குப் புராணமே சான்று. நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் களவாடி வந்து அரங்கனின் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று வைணவ குருபரம்பரைக் கதையே சொல்லும். சூடாமணி விகாரத்தின் மிச்சமாக நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்தவர்கள் ஏசு சபைப் பாதிரிமார்கள். அனுமதித்தது ஆங்கில அரசு. சண்டை எந்த ஒரு சமயத்தின் தனிச்சொத்தாகவும் இருந்ததில்லை என்பதை மகன் ஒப்புக்கொள்ளட்டும். ஒருவர் செய்த இடிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதும் மற்றதை மறப்பதும் வரலாறு படிக்கும் முறையன்று.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது, அடிபட்ட இடங்களே பிறகு என்ன செய்தன என்பதை. ஸ்ரீரங்கம் படையெடுப்பின் நினைவை மறக்கவில்லை. அதே கோயில் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி வைத்திருக்கிறது. பெருமாளின் திருமேனியைத் தேடிவந்த சுல்தானின் மகள் அரங்கனிடமே ஐக்கியமானாள் என்பது கதை. சிலை இல்லை, சித்திரமாகத்தான் இருக்கிறாள். அவளுக்குரிய நைவேத்தியம் ரொட்டி. கதை வரலாறா என்று கேட்டால் நிறுவ முடியாது என்றே சொல்வேன். ஆனால் தன்னைக் கொள்ளையடித்தவர்களை நினைக்கும்போதே அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தியைப் பெருமாளுக்கு நாச்சியாராக்கி, அவளுக்குப் பழக்கமான உணவு எது என்று யோசித்துத் தளிகையில் சேர்த்த மனத்தை நாம் என்னவென்று சொல்வது? கோயில் இடிபட்டது உங்கள் மகனுக்கு உண்மையில் வலிக்குமானால், இடிபட்ட கோயிலைச் சேர்ந்தவர்கள் அந்த வலியை எப்படித் தாங்கினார்கள் என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.

மேலும், மாலிக் காபூரின் கணக்கை நாகூராரின் தலையில் எழுதுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அவர் 200 ஆண்டுகளுக்கும் பிந்தியவர். படையோடு வந்தவரும் அல்லர்.

அரைகுறை இந்துவா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்தச் சொல்தான். உங்கள் மாமியாரின் பாட்டியிடம் போய் "நீங்கள் என்ன மதம்?" என்று கேட்டிருந்தால், அவர் தன் ஊரையும் சாதியையும் குலதெய்வத்தையும் சொல்லியிருப்பார், நெற்றியில் இடுவது திருநீறா, நாமமா என்று சொல்லியிருப்பார். 1871ஆம் ஆண்டையொட்டி முதல் பெரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆங்கில அரசு நடத்தியபோது, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரே ஒரு மதத்தை எழுத வேண்டியதாயிற்று. ஒரு கட்டத்துக்குள் இரண்டு எழுத முடியாது. "முதல் மொட்டை அங்கே, இரண்டாம் மொட்டை இங்கே" என்று எழுத இடமே இல்லை. பிறகு 1909இல் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள் வந்தன. 1919 சட்டத்தில் சென்னை மாகாணத்தின் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் அவை கிடைத்தன. எண்ணிக்கை இடங்களாகவும் பதவிகளாகவும் மாறத் தொடங்கியதும், தன் ஆள் யார், வேற்று ஆள் யார் என்று தெளிவாகக் கோடு போடுவதில் எல்லாச் சமயத் தலைவர்களுக்கும் அக்கறை பிறந்தது. வேறுபாடுகளை ஆங்கிலேயர் உண்டாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. சம்பந்தரின் பத்தாம் பாட்டு அவர்கள் எழுதிக்கொடுத்ததன்று. ஆனால் ஒரு சமயத்தைச் சேர்ந்தவர் இன்னொன்றின் வாசலை மிதித்தால் முன்னதில் குறைந்துவிடுவார் என்ற கணக்கு, பெரும்பாலும் அந்தக் கட்டங்களோடு வந்தது. உங்கள் மாமியார் முழு இந்துவாகவே நாகூருக்குப் போனார். முழு இந்துவாகவே திரும்பிவந்து வெள்ளிக்கிழமை விளக்கேற்றினார்.

"அவர்கள் நம் கோயிலுக்கு வருகிறார்களா?" என்ற கேள்வியை வாட்ஸ்அப்பில் நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். கூர்மையான கேள்விதான், நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வருவதில்லை. ஒரே இறைவனைத் தவிர வேறெதையும் வணங்கலாகாது என்பது இஸ்லாத்தின் அடிப்படை; நம்மில் ஒரு சாமியோடு இன்னொரு சாமியைச் சேர்த்துக்கொள்ளத் தடை இல்லை. ஆகவே இந்தப் போக்குவரத்து எப்போதும் சமமாக இருந்ததில்லை. நாகூருக்குப் போனவர்கள் எல்லாரும் முஸ்லிம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சம்பந்தம் செய்துகொண்டார்கள் என்பதும் இல்லை. இன்னின்ன இடத்தில் கலப்போம், இன்னின்ன இடத்தில் விலகி நிற்போம் என்ற ஒரு பேசாத ஏற்பாட்டில்தான் ஊர்கள் நடந்தன. வணங்க வராதவர்கள் வேறு வழியில் வந்தார்கள்: நாதஸ்வரம் ஷேக் சின்ன மௌலானா சாகிபு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, ரங்கநாதர் சந்நிதியில் வாசித்தவர். எனினும் இதையெல்லாம் கணக்குப் புத்தகத்தில் வரவு வைத்து மகனிடம் காட்ட வேண்டியதில்லை. குழந்தைக்கு வலிப்பு வந்த இரவில் உங்கள் மாமியார், 'பதிலுக்கு அவர்கள் வருவார்களா?' என்று யோசித்துக் காசு முடியவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் மகனையும் தவறாக நினைக்காதீர்கள். அடக்கத்தலத்தில் கையேந்துவது கூடுமா என்ற வாதம் இஸ்லாத்துக்குள் நெடுங்காலமாக உண்டு. தமிழ்நாட்டில் 1980களுக்குப் பிறகு அது வேகம் பெற்றது. அந்தப் பையன் தன் சமயத்தைத் தூய்மையாகப் பின்பற்ற விரும்புகிறான். உங்கள் மகனும் தன் அடையாளத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள விரும்புகிறார். இருவரும் அறியாமலே ஒரே வேலையைச் செய்து, இரண்டு தாய்மார்கள் சேர்ந்து போய்வந்த வழியை இரு பக்கத்திலிருந்தும் அடைக்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கை அவர்களுக்கு. ஆனால் அக்காவும் நீங்களும் பழகுவதற்கு நாகூர் ஒன்றே சாக்காக இருக்கவில்லையே.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்களுக்கு முழுத் திருப்தி தராது என்று தெரிந்தே சொல்கிறேன். பேரனுக்குப் பெற்றவர்கள் சம்மதமில்லாமல் நாகூரில் மொட்டை போடாதீர்கள். அவர்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதி அடித்திருக்கிறீர்கள், அடித்ததே சரி. நேர்ந்தவர் உங்கள் மாமியார், அதைச் சுமப்பவர் நீங்கள், குழந்தை அவர்களுடையது. முன் தலைமுறையின் வாக்கு அடுத்த தலைமுறையைக் கேட்காமல் கட்டுப்படுத்தும் என்று நான் நம்பவில்லை. அதே நியாயப்படி, உங்களைத் தடுக்க உங்கள் மகனுக்கும் உரிமை இல்லை. நீங்கள் போய் உங்கள் தலையில் பூமுடி இறக்கிவிட்டு வாருங்கள். பெண்கள் நேர்ச்சையை அப்படிக் கழிப்பது எங்கும் வழக்கத்தில் உள்ளதே.

போவதற்கு முன் மகனிடம் ஒருமுறை பேசுங்கள். மதத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அவருடைய வலிப்பைப் பற்றிப் பேசுங்கள்: எந்த மருத்துவமனைக்கு ஓடினீர்கள், யார் வண்டி பிடித்துக் கொடுத்தார்கள், பாட்டி எந்தத் துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்தார் என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை; மொட்டை அடித்ததற்குப் புகைப்படம் இருக்கும், அந்த இரவுக்கு இருக்காது. கேட்ட பிறகும் அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கந்தூரி நாட்களிலும் வியாழன் மாலையிலும் கூட்டம் நெரியும். முட்டிவலி இருப்பதாக எழுதியிருப்பதால் வேறொரு நாளில் காலையிலேயே போய்விடுங்கள். அக்கா வாசல்வரை வருவதாக இருந்தால் அழைத்துப் போங்கள், உள்ளே வரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அந்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்துப் பார்க்காதீர்கள். 25 காசு 2011ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் செல்லாது. அதற்காக அதை எடுத்துவிட்டு வேறு நோட்டு வைக்கத் தோன்றும். வேண்டாம். காணிக்கை எவ்வளவு வேண்டுமானாலும் தனியாகப் போடுங்கள். உங்கள் மாமியார் முடிந்த நாலணாவை முடிந்தபடியே உண்டியலில் சேர்த்துவிடுங்கள்.